கடி

அன்ரனீற்றா முதல் வந்தது மாசியில்,
வெள்ளிக்கிழமை, கடை நிறையச் சனம்.
"பூச்சிக் குளிசை ஒரு மட்டை."
ஆருக்கு என்று நான் கேட்கவில்லை.
பூச்சிக் குளிசைக்கு ஆர் கேள்வி கேட்பது.
மீதிக் காசுக்கு இரண்டு ரொபி கொடுத்தேன்.

இரண்டாம் தரம், பத்து நாள் கழித்து,
அதே குளிசை, இரண்டு மட்டை.
விரலிடுக்குகள் வெள்ளையாய்,
மழையில் ஊறிய கடதாசி போலிருந்தன.
பாசையூர்ப் பக்கம் நண்டுச் சதை எடுக்கும் கொம்பனி,
ஐஸ் தண்ணிக்குள் ஒன்பது மணித்தியாலம்.
கண்டேன்.
கண்டும் பில் போட்டேன்.

மூன்றாம் தரம்
கடைப் பெடியன் தேத்தண்ணிக்குப் போகும்வரை
பால்மா ரின்களை ஒவ்வொன்றாய் வாசித்து நின்றாள்.
பிறகு கண்ணாடிப் பெட்டியிடம் சொல்வதுபோல:
"அக்கா, இதுக்குப் பூச்சி சாகுதில்லை.
வேற கொம்பனியின்ரை இருக்கோ?"

எங்கை பூச்சி?
"கடிக்குது."
எங்கை கடிக்குது?
கையை விரித்துக் காட்டினாள்.
அது மட்டுமோ?
வீதியைப் பார்த்தாள். குருநகர் மினிபஸ் ஒன்று
ஹோன் அடித்து, நின்று, ஆளேற்றி, போய் முடிந்தது.
"கீழையும்."

வேறு ஊர்களில் அரிக்கும்.
எங்களுக்குக் கடிக்கும்.
கடிக்க ஒரு வாய் வேண்டும்,
வாயிருந்தால் அது பூச்சி,
பூச்சியென்றால் பூச்சிக் குளிசை.
எங்கள் பேச்சே இவளுக்குப்
பிழையான துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறது.
அந்தத் துண்டுக்கு மூன்று மட்டை
மருந்து கொடுத்தவள் நான்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு மச்சாளும்
வீடியோ அனுப்பியிருக்கிறாள்:
எல்லா வருத்தமும் உள்ளுக்கிருக்கிற பூச்சிதானாம்.

"இது பூச்சியில்லை, பிள்ளை. பங்கசு.
பள்ளிக்கூடத்திலை மதுவம் எண்டு படிச்சிருப்பாய்,
பாணைப் பொங்க வைக்கும், கள்ளைப் புளிக்க வைக்கும்.
இது அதின்ரை சொந்தக்காரன், நல்லவனில்லை.
வாயில்லை. குடலில்லை.
உன்ரை குளிசை பூச்சியைச் சீனி எடுக்கவிடாமல்
பட்டினி போட்டுக் கொல்லுறது.
இதுக்கு, மருந்தொண்டு வந்து போனதே தெரியாது."

ஆய்வுகூடத் தட்டில் சில பூச்சி மருந்துகள்
சில பங்கசுகளைக் கொஞ்சம் தடுத்தன என்று
எங்கோ வாசித்திருக்கிறேன்.
சொல்லவில்லை.
தட்டுக்கு ஈரக் கையுறை இல்லை,
லீவு தராத சுப்பவைசர் இல்லை.

அவள் யோசித்தாள்.
"நண்டு வலையிலை நெத்தலி நிக்காது.
அதைத்தானே இவ்வளவு நேரமும் சொல்லுறீங்கள்?"

அதைத்தான்.

பூசுமருந்து லாச்சியில் கை வைத்தபடி கேட்டேன்,
தண்ணி விடாய்க்குதோ?
"ஓம், வெயில்தானே."
இரவிலை எத்தினை தரம் எழும்புறாய்?
நாலு என்றாள். ஐஞ்சு.
நேற்று ஆறு.

கைக்கு ஒரு ரியூப் கொடுத்தேன்.
மற்றதுக்குப் பெரியாஸ்பத்திரி,
நாளைக்கே, சாப்பிடாமல் போ,
முதலில் சீனி பார்க்கச் சொல்லு.
"பூச்சிக்கெண்டு வந்தனான், சீனியோ?"
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

மூன்று மட்டைக் காசைத் திருப்பிக் கொடுக்க
லாச்சியைத் திறந்தேன்.
கொடுத்தால் ஏனென்று சொல்லவேண்டும்.
மூடிவிட்டேன்.

வைகாசியில் வந்தாள்.
விரலிடுக்கில் புதுத்தோல், கொஞ்சம் இளஞ்சிவப்பாய்.
கக்கத்தில் கிளினிக் கொப்பி.
கடை நிறையச் சனம்.
"பூச்சிக் குளிசை ஒரு மட்டை."

ஆருக்கு?
என் குரல் உரத்துவிட்டது,
வரிசையே திரும்பிப் பார்த்தது.

"நாய்க்குட்டிக்கு."

நாய்க்கு இது குடுக்கேலாது,
மிருக வைத்தியரிட்டைக் கொண்டுபோ என்றேன்.

"பாத்தீங்களே," என்றாள்,
கொப்பியைக் கக்கத்துக்குள் சரிசெய்தபடி,
"நாய்க்கெண்டாப் போலை கேக்கிறீங்கள்."